தறிச் சத்தம் இல்லாத அறை: ஒரு விடுதி மாணவரின் நிகழ்வு ஆய்வு

அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாணவர் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தி, ஒப்புக்கொண்ட வடிவம் இது.

பின்னணி

மாணவருக்கு அப்போது 20 வயது. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு, விடுதியில் தங்கிப் படித்தார். அந்தக் கல்லூரிக்கு நான் வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், மனநல ஆலோசகராகப் போய்க்கொண்டிருந்தேன்.

2019இல் சேர்ந்தவர். முதல் செமஸ்டரில் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. 2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகளை மூடியபோது பையில் நாலு சட்டையோடு ஊருக்குப் போனார். பத்து நாளில் வந்துவிடலாம் என்று புத்தகங்களைக்கூட அறையிலேயே விட்டுவிட்டாராம். 2021 பிப்ரவரியில் கல்லூரி திறந்து ஆறு வாரம் ஓடியது, மார்ச்சில் மறுபடி மூடினார்கள். அப்புறம் அவர் விடுதிக்கு வந்தது 2021 செப்டம்பர் 1 அன்றுதான்.

வீடு, நாமக்கல் மாவட்டத்து விசைத்தறி ஊர் ஒன்றில். எட்டுத் தறி, கூலி நெசவு. வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அப்பா, அம்மா, அப்பாவின் அப்பா. கொங்குப் பக்கத்தில் சொல்வதுபோல் அவர் ‘அப்பாரு’. இவரைப் பற்றி பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நான் இவரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஊரில் இருந்த காலத்தில் வகுப்பெல்லாம் செல்போனில். கேமராவை அணைத்துவிட்டு, வருகைப் பதிவு முடிந்ததும் படுத்த இடத்திலேயே தூங்கிவிடுவது முதலில் எப்போதாவது நடந்தது, பிறகு தினமும். வகுப்பைப் பதிவு செய்து போட்டுவிடுவார்கள், ராத்திரி பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி பார்த்தால் காலையில் எழ முடியாது. இப்படியே ஒன்றரை வருடம் போயிற்று.

யார் முதலில் கவனித்தது

செப்டம்பர் கடைசி வாரம் வகுப்பு ஆசிரியர் அனுப்பிவைத்தார். காலை முதல் இரண்டு பீரியடுகளில் வருகை 40 விழுக்காட்டுக்கும் கீழே, லேப் ரெக்கார்டு ஒன்றுகூட முடிக்கவில்லை, இரண்டு அரியர். ‘சோம்பேறித்தனமா, வேற எதாவதா என்று பாருங்கள்’ என்று ஒரு சீட்டு.

அன்றைக்கு மதியம் மெஸ்ஸில் சாப்பிடும்போது மெஸ் மாஸ்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “அந்தத் தம்பியா? வந்து மூணு நாலு நாள் காலையில சாப்பிட்டாப்புலீங்க. அதுக்கப்புறம் காலையில ஆளே வர்றதில்லீங்” என்றார். ஆசிரியருக்கு நாலாவது வாரம் தெரிந்தது அவருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் சந்திப்பில் கண்டது

சுத்தமாக வந்தார், பணிவாகப் பேசினார். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் நீண்ட இடைவெளி. “தூக்கம் வர மாட்டேங்குதுங்க மேடம். வந்தா எந்திரிக்க முடியறதில்ல. நான்தான் சரியில்ல” என்றார். மூன்றாவது வாக்கியத்தை அந்த ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறை சொல்லியிருப்பார்.

மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 கேள்வித்தாளைக் கொடுத்தேன். ஒன்பது கேள்விகள், உச்சம் 27. 10ஐத் தொட்டால் மேலே விசாரித்தாக வேண்டும். அவருக்கு 14. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதில் ‘சில நாட்கள்’ என்று குறித்திருந்தார். சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டேன். தூங்கி எழாமலே போய்விட்டால் தேவலை என்று சில இரவுகளில் தோன்றுவதாகவும், எதையும் செய்துகொள்ளும் எண்ணமோ திட்டமோ இல்லை என்றும் சொன்னார். நிலைமை மாறினால் நான் வார்டனிடமும் பெற்றோரிடமும் பேச வேண்டியிருக்கும் என்பதை அன்றே சொல்லிவிட்டேன். எந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி, செல்போன் உறைக்குள் வைக்கச் செய்தேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் கடிதம் கொடுத்தேன். அங்கே ரத்தச் சோகை, தைராய்டு இரண்டையும் பார்த்தார்கள், குறை இல்லை.

அவரது ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதச் சொன்னேன். வந்தது இது:

காலை 11 மணிக்கு விழிப்பு. 12.30 வரை படுக்கையில் செல்போன். மதியச் சாப்பாடுதான் முதல் சாப்பாடு. இரண்டு மணிக்கு லேப், போனால் போனது. நாலரைக்கு டீ. ஏழு மணிக்கு மேல்தான் தலை தெளிகிறது. பத்துக்கு அறை நண்பர்கள் படுத்துவிடுவார்கள். ஒரு மணிக்குப் பசி, கெட்டிலில் நூடுல்ஸ். நாலு மணிக்குத் தூக்கம்.

குளியல் எங்கே என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். விடுதியில் வெந்நீர் காலை ஏழு மணியோடு நின்றுவிடும். பதினொரு மணிக்கு எழுந்தவர் பச்சைத் தண்ணீரில் குளிக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் வராந்தாவில் வாளியோடு நடந்தால் கூட்டிப் பெருக்குகிற அக்கா பார்ப்பார் என்று கூச்சம். அறை நண்பர் பின்னால் ஒருநாள் சொன்னது: “அவன் சோப்பு டப்பாவைத் திறந்து பாத்தேன் மேடம். சோப்பு காஞ்சு வெடிச்சிருந்துச்சு.”

காலை உணவு போனதால் உடன் படிப்பவர்களோடு இருந்த ஒரே சகஜமான பேச்சும் போய்விட்டது. குளிக்காததால் வகுப்பில் யார் பக்கத்திலும் உட்கார மனம் வரவில்லை. வகுப்புக்குப் போகாததால் குற்ற உணர்வு, அதை மறக்க ராத்திரியெல்லாம் செல்போன். எது முதலில் விழுந்தது, எது அதன்மேல் விழுந்தது என்று அந்தத் தாளைப் பார்த்தால் ஓரளவு தெரிந்தது. எனக்குத்தான் அன்றைக்குச் சரியாகத் தெரியவில்லை.

முதல் முயற்சி, அது சறுக்கிய விதம்

நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். நல்ல தூக்கத்துக்கான விதிகள் அச்சடித்த தாள் ஒன்று என்னிடம் இருந்தது. பத்து மணிக்குப் படு, செல்போனைத் தள்ளி வை, மாலைக்கு மேல் டீ வேண்டாம் என்று போகும். அதைக் கொடுத்தேன். அவரும் நல்ல பிள்ளையாகப் பத்து மணிக்கே படுத்தார்.

பத்திலிருந்து நாலு வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். முன்பு அந்த ஆறு மணி நேரம் ஏதாவது வீடியோவில் போகும். இப்போது முழுக்க யோசனையில் போயிற்று. இரண்டு வாரத்தில் கேள்வித்தாள் மதிப்பெண் 14இலிருந்து 16க்கு ஏறியது. ‘இதுகூட என்னால முடியல பாருங்க மேடம்’ என்று தன்மேல் வைக்க இன்னொரு குற்றச்சாட்டும் கிடைத்தது.

தப்பு எங்கே என்றால், உடலின் உள்கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் கொஞ்சம் முன்னே இழுத்து நிறுத்துகிறது. சாப்பாட்டு நேரமும் ஆள் நடமாட்டமும் கூடச் சேர்ந்து இழுக்கும். இருட்டறையில் பதினொரு மணிவரை கிடப்பவருக்கு அந்த இழுப்பே இல்லை, கடிகாரம் நாளுக்கு நாள் பின்னால் நழுவும். போதாததற்கு, இருபது வயதை ஒட்டித்தான் வாழ்நாளிலேயே அது மிகவும் பின்தங்கி ஓடும். நாலு மணிக்குத் தூக்கம் வரும்படி பழகிவிட்ட உடலைப் பத்து மணிக்குப் படுக்கப் போடுவது, பசிக்காத பிள்ளைக்கு வாயில் திணிப்பது மாதிரி. படுக்கும் நேரத்தை நாம் வைக்க முடியாது, எழும் நேரத்தைத்தான் வைக்க முடியும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கையில் தாள் இருந்தது, அதைக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

ஆயுத பூஜை

அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் 14, வியாழக்கிழமை. அதைச் சேர்த்து ஐந்து நாள் ஊருக்குப் போய் வந்தார். தூக்கக் குறிப்பேட்டை அங்கேயும் விடாமல் எழுதியிருந்தார். திரும்பி வந்த அடுத்த வாரம் அதைப் புரட்டியபோது எழுத்துப் பிழையோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

முதல் நாள் ஆறரைக்கு எழுந்திருக்கிறார். இரண்டாம் நாள் ஆறு. ராத்திரி பதினொன்றரைக்குள் தூக்கம். ஐந்து நாளும் காலைச் சாப்பாடு, ஐந்து நாளும் குளியல்.

அப்பா போனை வாங்கி வைத்துவிட்டாரா என்று கேட்டேன். இல்லை, போன் கையில்தான் இருந்தது. பூஜைக்காக எட்டுத் தறியையும் துடைக்க வேண்டியிருந்தது. பஞ்சுத் தூசியைத் தட்டி, பழைய எண்ணெயை வழித்து, பிறகு சந்தனம் குங்குமம். அப்பா ஆறு மணிக்குப் பட்டறைக் கதவைத் திறந்துவிடுவார், தனியாக அவரை விட்டுவிட்டுத் தூங்க மனம் வரவில்லை. எட்டு மணிக்கு அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். ராத்திரி பக்கத்துப் பட்டறைத் தறி ஓடிக்கொண்டிருந்தது.

“சத்தத்துலதானுங்க மேடம் நான் பொறந்ததுல இருந்து தூங்கறேன். கரண்ட் போயி தறி நின்னாத்தான் எங்க வீட்டுல எல்லாரும் முழிச்சுக்குவோம்.”

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. 2021 மே மாதம் முழு ஊரடங்கில் தறிகள் நின்றபோது தூக்கம் இன்னும் மோசமானதையும் அப்போதுதான் சொன்னார். விடுதி அறை அமைதியானது, அதை நாங்கள் கல்லூரி விளம்பரத்தில்கூடப் போடுகிறோம்.

செல்போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வகுப்பு ஆசிரியரும் சொன்னார், வார்டனும் சொன்னார், மாணவரின் அப்பாவும் சொன்னார். அந்த ஐந்து நாள் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. காலியான ராத்திரியைச் செல்போன் நிரப்பியிருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அக்டோபர் 25 அன்று, திங்கட்கிழமை, புதிதாகத் தொடங்கினோம். மனசைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நாளுக்கு முதலில் ஒரு முளையடிப்பது என்று தீர்மானம். ஒரே ஒரு முளைதான்: எழும் நேரம். எப்போது தூங்கினாலும் சரி, முதல் நாலு நாள் 9.30, அடுத்த நாலு நாள் 9, இப்படி அரை அரை மணியாக இறக்கி 6.30 வரை. ஞாயிறும் விதிவிலக்கு இல்லை. பகலில் தூக்கம் தள்ளினால் இருபது நிமிடம், அதுவும் மூன்று மணிக்கு முன்பு. தூக்கம் வராமல் படுக்கையில் கிடக்க வேண்டாம், எழுந்து நாற்காலியில் உட்காரலாம்.

எழுப்புவது யார்? அலாரத்தை அவர் தூக்கத்திலேயே அணைத்துவிடுகிறார். அறை நண்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன், மாணவரின் சம்மதத்தோடு. அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: “எழுப்பறதெல்லாம் வேண்டாம் மேடம், சண்டை வந்துரும். டீக்குக் கூப்பிடறேன்.” விடுதி கேட்டுக்கு வெளியே ஒரு பேக்கரி. போக வர பதினைந்து நிமிடம், திறந்த வெயில். வெளிச்சமும் ஆள் துணையும் ஒரே டீயில் கிடைத்துவிட்டன. முதல் பீரியடு இல்லாத நாட்களில் அறை நண்பர் ஒன்பதரைக்குப் போவார், மற்ற நாட்களில் விடுதியிலேயே தங்கும் உதவியாளர் ஒருவர். முதல் மூன்று வாரம் காலை வகுப்பு எப்படியும் போகும் என்பது தெரிந்ததுதான். வகுப்பு ஆசிரியரிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் அதிகப் பாடுபட்டேன். 75 விழுக்காடு வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கட்டணம், கட்டி எழுதலாம். கணக்குப் போட்டுப் பார்த்ததில் மூன்று வாரத்தை விட்டாலும் 65க்கு மேல் நிற்கும் என்று தெரிந்தது. அந்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான் தலையாட்டினார்.

சத்தத்துக்கு அவரே ஒரு வழி செய்தார். அம்மா பட்டறையில் போனை வைத்து முக்கால் மணி நேரம் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைத் தலையணை அருகே சின்னதாக ஓடவிடுவது. உண்மையைச் சொன்னால், நான் இதைப் பெரிதாக நம்பவில்லை. அறை நண்பர்கள் இரண்டு நாள் திட்டினார்களாம், மூன்றாவது நாள் ஒருவர் ‘டேய், தறிய ஓட்டுடா’ என்று கேட்டாராம்.

மருந்து பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 16 என்ற மதிப்பெண்ணுக்கு மாத்திரை தொடங்கினாலும் தவறில்லை என்று மனநல மருத்துவர் சொன்னார். ஊரில் ஐந்து நாளில் நடந்ததைக் காட்டியபோது, நாலு வாரம் பொறுத்துப் பார்ப்போம், வாரா வாரம் ஒன்பதாவது கேள்வியை மட்டுமாவது கேளுங்கள், அது ஏறினால் உடனே அனுப்புங்கள் என்றார். ஏறவில்லை. ஏறியிருந்தால் இந்த ஆய்வு வேறு மாதிரி இருந்திருக்கும். எல்லோருக்கும் மாத்திரை இல்லாமல் சரியாகும் என்று இதை யாரும் படிக்க வேண்டாம்.

நடந்தது

முதல் வாரம் மோசம். தூக்கம் போதாமல் கண் எரிச்சல், எரிந்து விழுதல், ஒருநாள் அறை நண்பர் மேல் கோபத்தில் டீ டம்ளரைத் தட்டிவிட்டார். இரண்டாவது வாரம் நாலு மணித் தூக்கம் இரண்டு மணிக்கு இறங்கியது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தது ஒரு கை கொடுத்தது. நவம்பர் இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு மெஸ்ஸில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டதை மெஸ் மாஸ்டர்தான் எனக்குப் போன் போட்டுச் சொன்னார்.

எழும் நேரம் 7ஐத் தொட்ட பிறகு மற்றவை சொல்லாமலே வந்தன. வெந்நீர் கிடைக்காவிட்டாலும் குளித்தார், ஏனென்றால் அந்த நேரத்தில் வராந்தாவில் எல்லோர் கையிலும் வாளி இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மதிப்பெண் 7, ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லவே இல்லை’. வருகை 69இல் நின்றது, கண்டோனேஷன் கட்டினார்.

ஆறாவது சந்திப்பில், டீக்குக் கூப்பிடுகிற நண்பரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, “எங்க அப்பாருதானுங்க மேடம் முன்னாடி கூப்பிடுவாரு” என்றார். அப்பாரு விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து கடுங்காப்பி போட்டு, ஒரு டம்ளரைப் பேரன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போவாராம். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான். இரண்டாம் அலையில், 2021 மே மாதம், அவர் இறந்துபோனார். நல்லபடியாக எடுத்துப் போடக்கூட முடியவில்லை. அன்று முழுக்க அவரைப் பற்றித்தான் பேசினோம், அழுதார். நேர அட்டவணையைப் பிடித்துக்கொண்டு ஐந்து சந்திப்புகளை ஓட்டிய எனக்கு அது உறைத்தது.

ஜனவரி

2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலை வந்து கல்லூரிகளை மறுபடி மூடினார்கள். இவரைப் பொறுத்தவரை அதே பழைய வீடு, அதே செல்போன் வகுப்பு. நூல் விலை ஏறியதால் அப்பா ராத்திரி ஓட்டத்தையும் நிறுத்தியிருந்தார். பத்து நாளில் எழும் நேரம் ஒன்பதரைக்குப் போய்விட்டது.

இந்த முறை அவரே கூப்பிட்டார். பட்டறைக் கதவைக் காலையில் திறக்கும் வேலையை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு நாள் தவறினார், மூன்றாவது நாளிலிருந்து திறந்தார். பிப்ரவரி 1 அன்று கல்லூரி திறந்தபோது மதிப்பெண் 9 இருந்தது, மார்ச் கடைசியில் 5. இரண்டு அரியரில் ஒன்றை முடித்தார், மற்றது இறுதி ஆண்டுவரை இழுத்தது. நண்பரோடு பேக்கரிக்குப் போவது நான் கேட்ட கடைசி நாள்வரை தொடர்ந்தது.

இன்றைக்கு என்ன மாற்றிச் செய்வேன்

அச்சடித்த தாளை முதல் சந்திப்பில் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு வாரக் குறிப்பைப் பார்த்த பிறகுதான் பேச்சு. நன்றாகத் தூங்கிய நாள் ஒன்றாவது இருக்கிறதா, அன்றைக்கு எங்கே இருந்தார், யார் எழுப்பினார்கள் என்று முதல் நாளே கேட்கிறேன். வீட்டில் கடந்த இரண்டு வருடத்தில் யாராவது இறந்தார்களா என்ற கேள்வியும் அதே பக்கத்தில் இருக்கிறது.

மூன்று எண்கள் எழுதிய தாளில் இப்போது 14416ஐச் சேர்த்திருக்கிறேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை, 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலும் பேசலாம்.

மெஸ் மாஸ்டர் இப்போது, தொடர்ந்து மூன்று நாள் காலைச் சாப்பாட்டுக்கு வராதவர்களின் அறை எண்ணை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார். வார்டன் அதை விசாரணை நோட்டாக மாற்றப் பார்த்தார், தடுத்துவிட்டேன். அந்த அறைக்கு ஒரு சீனியர் போய், சாப்பிட வருகிறாயா என்று கேட்பதோடு சரி.

வெந்நீரை எட்டரை மணிவரை விடச் சொல்லி நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் கொடுத்தாயிற்று. விறகுச் செலவு என்கிறார்கள். மூன்றாவது கடிதம் மேசை மேல் இருக்கிறது.